ஓலையில் இல்லாத புள்ளிகள்

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் 2022ஆம் ஆண்டில் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பெற்றது. கேரள அரசின் ஆவணக் காப்பகத்திலுள்ள ஓலைகள் ஒரு கோடிக்கும் மேல் என்பர். அவற்றுள் பெரும்பகுதி சுருணைகள். அஃதாவது, நிலம், வரி, கோயிற் செலவு முதலியன பற்றிய அரசாங்கக் கணக்குகள். வட்டெழுத்திலும் கோலெழுத்திலும் தமிழிலும் மலையாண்மையிலும் எழுதப்பெற்றவை. வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் அந்நகருக்குச் செல்ல நேர்ந்தால், பத்மநாபசுவாமி கோயிலைத் தரிசித்த கையோடு அவ்வோலைகளையும் ஒருமுறை காண்பது நன்று.

கண்டால் ஒன்று புலப்படும். கணக்கு ஓலையிலும் இன்று நாம் அறிந்த பத்திகள் இல்லை. பெயர் ஒருபுறம், தொகை ஒருபுறம் என்று பிரியாமல், சொல்லும் எண்ணும் ஒரே ஓட்டமாகச் செல்கின்றன. கயிறு கோக்கும் துளையைச் சுற்றி மட்டும் எழுதுவோர் சிறிது இடம் விட்டிருப்பர்; எழுத்தாணி தாண்டிச் செல்லும் நிறுத்தம் என்று சொல்வதற்கு உள்ளது அது ஒன்றே.

இதனை எழுதியோரின் குறையென்று கொள்ளுதல் தவறு. தமிழிலும் பழைய மலையாளத்திலும் பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் உண்டு. முந்நூற்று நாற்பத்தைந்தை ௩௱௪௰௫ என்று எழுதினால், எந்த இலக்கம் நூறு, எந்த இலக்கம் பத்து என்பதை எண்ணே சொல்லிவிடும். அதனை வரியின் எவ்விடத்தில் எழுதினாலும் பொருள் மாறாது. இன்றைய முறையிலோ இலக்கத்தின் மதிப்பு அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டும்போது 345 ஓர் இடம் இடப்புறம் நகர்ந்துவிட்டால், 3450 என்றே கூட்டலில் சேர்ந்துவிடும். ஆகவே நேர்நிற்றல் என்பது அழகுக்காக வந்ததன்று. எண்முறை மாறியபோது கணக்கின் உயிர்நிலையாகவே அது வந்து சேர்ந்தது.

புள்ளிக்கும் ஓலையில் இடமில்லை. எழுத்தாணியின் கூர்முனை ஓலையைத் துளைத்துவிடும் என்று அஞ்சி, மெய்யெழுத்தின் புள்ளியையே பெரும்பாலும் இடாமல் விட்டனர் என்பர். இலக்கணம் வேண்டிய புள்ளிக்கே அந்நிலை என்றால், பெயரையும் தொகையையும் இணைக்க வரிசையாகப் புள்ளியிட எவர் துணிவார்?

சுவாதித் திருநாள் ஆட்சியில் (1829–1846) திருவனந்தபுரத்தில் அரசு அச்சுக்கூடம் அமைந்தது. ஈய எழுத்தோடு புள்ளியும் வந்தது. அச்சுத் தொழிலில் 'லீடர்' எனப்படும் கட்டைகளில் புள்ளிகளையே வார்த்திருப்பர். அச்சுக் கோப்பவர் பெயரைக் கோத்து, வரியின் வலக்கோடியில் எண்ணை நிறுத்தி, இடையே லீடர்களை அடுக்குவார். மேல்வரிப் புள்ளியின் நேர்கீழே அடுத்த வரிப் புள்ளி நிற்கவேண்டும். மீந்த சிறு இடைவெளியைச் சொல்லின் பக்கம் மெல்லிய கட்டைகளைச் செருகி மறைப்பார். படிப்பவர் கவனிக்கவே கூடாத வேலை இது.

இவ்வேலை எத்துணை வேண்டியிருந்தது என்பதற்கு நாகமையாவின் நூல்களே சான்று. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளை எழுதிய அவர், 1906இல் திருவிதாங்கூர் நாட்டு வரலாற்றுக் கையேட்டை மூன்று தொகுதிகளாக ஆக்கினார். திருவிதாங்கூரின் மக்கள்தொகை 1891இல் 25,57,736, 1901இல் 29,52,157. இத்தகைய எண்களைத் தாலுகாவாரியாகவும் சாதிவாரியாகவும் ஓலையின் தொடர் ஓட்டத்தில் எழுதினால் ஒப்பிட்டுப் பார்ப்பதெங்ஙனம்?

ஓலையை அச்சுக்கு மாற்றுவோர்க்கு வேறொரு பொறுப்பும் உண்டு. திருவனந்தபுரத்தில் ஆசிரியப் பணியாற்றிய கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, நாஞ்சில் நாட்டு அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளை ஆராய்ந்து வெளிப்படுத்தினார். ஓரோட்டமாய்க் கிடக்கும் வரியை எங்கே முறிப்பது, எந்தத் தொகை எந்தப் பெயருக்கு உரியது என்று துணிவது பதிப்பிப்பவரின் கடமை. புள்ளி வரிசை ஒன்றைத் தவறான எண்ணை நோக்கி இழுத்துவிட்டால், ஒருவர் செலுத்திய வரி மற்றொருவர் பெயரில் ஏறிவிடும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இணைந்திருந்த குமரி மாவட்டத்துக் குடும்பங்களுக்கு இது வெறும் புலமைச் செய்தியன்று.

தட்டச்சுப் பொறியைப் பற்றி நெடிதுரைக்க வேண்டுவதில்லை. பொறியின் பின்புறம் வேண்டிய இடங்களில் சிறு நிறுத்திகளைப் பொருத்தி, 'டாப்' விசையை அழுத்தினால், தாளேந்திய வண்டி விரைந்தோடி அங்கே வந்து நிற்கும். அலுவலகப் பட்டியல்கள் எல்லாம் அவ்வாறு பிறந்தவையே.

கணிப்பொறி வந்தபின் இக்கலை திருவனந்தபுரத்தில் மீண்டும் ஒரு மதிப்பைப் பெற்றது. டொனால்ட் நூத் என்னும் அமெரிக்க அறிஞர் 1978இல் வெளியிட்ட 'டெக்' என்னும் பக்க அமைப்பு முறையைப் பயில்வோரின் உலக மாநாடு 2002இலும் 2011இலும் அந்நகரில் கூடிற்று. அம்முறையில் 'லீடர்ஸ்' என்றே கட்டளை உண்டு. அதன் முதல்வகை, மேல்வரிப் புள்ளிக்கு நேர்கீழே புள்ளி விழச் செய்வது. அச்சுக் கோப்பவரின் விரல்கள் அறிந்ததை நூத் கணிதமாக்கி வைத்தார் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆயினும் நாம் வாழும் ஊரில் நம் சங்கத்து ஆண்டறிக்கையைக் கணிப்பொறியில் தொகுத்த முதல் முறை, இவற்றுள் ஒன்றையும் நாம் கருதவில்லை. நன்கொடையாளர் பெயருக்குப் பின் முற்றுப்புள்ளி விசையையே தட்டித் தட்டி எண்வரை நிரப்பினோம். திரையில் ஒழுங்காகத்தான் இருந்தது. அச்சகத்தில் எழுத்துரு மாறியது. தமிழில் 'ர'வுக்கும் 'கௌ'வுக்கும் அகலத்தில் எத்துணை வேறுபாடு! எண்கள் படிக்கட்டுபோல் சிதறி, சில அடுத்த வரிக்கே இறங்கிவிட்டன. ஐந்நூறு ரூபாய் தந்த முதியவர் ஒருவர் ஐம்பது என்னும் எண்ணுக்கு நேரே தம் பெயரைக் கண்டு, கூட்டம் முடியும்வரை ஒன்றும் பேசாதிருந்தார். மறுநாள் அவர் இல்லத்திற்குச் சென்று, பற்றுச்சீட்டின் அடிப்பகுதியைக் காட்டி மன்னிப்புக் கேட்டோம். அவர் அதனை வாங்கிப் பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டு அறிக்கையை அச்சுக்கு அனுப்புமுன் தம்மிடம் ஒருமுறை காட்டுமாறு மட்டும் சொன்னார். அவ்வாறே இன்றும் காட்டி வருகிறோம்.