அட்ரீனல் கட்டியும் கதிர்மருந்தும்: மலாக்கா தோட்டக் காலம் முதல்

சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் உட்பகுதியில் தோன்றும் கட்டி ஃபியோகுரோமோசைட்டோமா. அட்ரினலினும் நார்அட்ரினலினும் அதிலிருந்து அளவு மீறிச் சுரக்கும்போது தலை இடிக்கும், நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும், இரத்த அழுத்தம் எகிறும். சற்று நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். 1886இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க்கில் ஃபெலிக்ஸ் ஃபிராங்கெல் இந்நோயை விவரித்தார். 1926இல் சுவிட்சர்லாந்தில் சீசர் ரூவும் அமெரிக்காவில் சார்லஸ் மேயோவும் கட்டியை அறுத்தெடுத்தனர்.

இதே காலத்தில் மலாயாவில் நிலைமை வேறு. 1896இல் டான் சே யான் என்னும் வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டபின், மலாக்காவில் தோட்டங்கள் பெருகின. அங்கே வேலைக்கு வந்த தமிழர்களுக்கு நோய் கண்டால் முதலில் பார்த்தவர் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசர். மலேரியாவும் கொக்கிப்புழுவும் ஆட்களை வாரிக்கொண்டு போன காலம் அது. விடியலில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று பால் மரம் வெட்டப் போனவருக்கு வியர்வையும் படபடப்பும் வந்தால், காய்ச்சல் என்றோ களைப்பு என்றோதான் நினைத்திருக்க முடியும். ஹார்மோனை அளக்கும் வசதி தோட்ட ஆஸ்பத்திரியில் ஏது?

அறுவைக்கு எட்டாமல் பரவிய கட்டிக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் நல்ல வழி இல்லை. 1941இல் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் தைராய்டு நோய்க்குக் கதிரியக்க அயோடின் கொடுத்தார். தைராய்டு அயோடினைத் தானே இழுத்துக்கொள்ளும். அட்ரீனலுக்கு அந்த இயல்பு இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் பெயர்வால்ட்ஸும் டொனால்ட் வீலாண்டும் இதற்கு விடை கண்டனர். 1980 வாக்கில் அவர்கள் உருவாக்கிய எம்.ஐ.பி.ஜி. மூலக்கூறு நார்அட்ரினலினை ஒத்தது; கட்டியின் செல்கள் அதைத் தம் பொருளென்றே உள்ளே இழுத்தன. அதில் அயோடின்-131 பிணைக்கப்பட்டது. அதன் காமா கதிர் கட்டி இருக்குமிடத்தைப் படத்தில் காட்டும். சில மில்லிமீட்டருக்குள் அடங்கும் பீட்டா கதிர் செல்லை அழிக்கும். 1981இல் ஜேம்ஸ் சிசன் குழு நோயாளிகளின் படங்களை வெளியிட்டது. 1984இல் சிகிச்சை முடிவுகளும் வந்தன.

மருந்தைக் கட்டி உறிஞ்சுகிறதா என்று முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். தைராய்டைக் காக்க முன்கூட்டியே சாதாரண அயோடின் கொடுக்கப்படும். மருந்து மெல்ல சிரையில் ஏற்றப்படும். பிறகு தனியறையில் சில நாள் வாசம். அயோடின்-131இன் அரை ஆயுள் 8 நாள். 2018இல் அமெரிக்கா அனுமதித்த 'அசெட்ரா' என்னும் புதுவகை எம்.ஐ.பி.ஜி. மருந்து 68 பேரிடம் சோதிக்கப்பட்டது; கால்வாசிப் பேருக்கு இரத்த அழுத்த மாத்திரை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்து, குறைந்தது 6 மாதம் அப்படியே நீடித்தது. அரிய நோய்க்கான மருந்து சந்தையில் நிலைக்கவில்லை. 2024இல் உற்பத்தி நின்றது. நோயாளிகளுக்கு இது பெரும் இழப்பு. பழைய எம்.ஐ.பி.ஜி.யும் லூட்டீசியம்-177 மருந்துகளும் பயன்பாட்டில் உள்ளன.

கதிரியக்கப் பொருள்களை உண்டாக்கவும் உதவும் ஆய்வு அணுவுலை, மலேசியாவில் முதன்முதலாக 1982இல் பாங்கியில் இயங்கத் தொடங்கியது. 2013இல் புத்ராஜெயாவில் தேசியப் புற்றுநோய்க் கழகம் அணு மருத்துவப் பிரிவோடு திறக்கப்பட்டது. மலாக்காவிலிருந்து அது நெடுஞ்சாலைப் பயணத் தூரம்தான். ஆயினும் நோய் தெரிந்தால்தானே பயணம்? இக்கட்டி பல குடும்பங்களில் மரபுவழி வருகிறது. இளம் வயதில் இரத்த அழுத்தம் ஏறி, தலைவலியும் வியர்வையும் படபடப்பும் சேர்ந்து விட்டு விட்டு வந்தால், அட்ரினலினின் சிதைவுப்பொருளை அளக்கும் மெட்டாநெஃப்ரின் சோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.