லாரமி: ஓர் ஊரின் வாக்குமூலம்

பேட்டிகள், நீதிமன்றப் பதிவுகள், நாட்குறிப்புகள் ஆகியவற்றின் சொற்களையே வசனமாகக் கொள்வது ஆவண நாடகம். இவ்வகையில் உலகெங்கும் அதிகம் மேடையேறியவற்றுள் ஒன்று 'தி லாரமி ப்ராஜக்ட்'.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள சிறுநகரம் லாரமி. 1998 அக்டோபர் 6 இரவு, அங்குள்ள பல்கலைக்கழகத்தில் படித்த மாத்யூ ஷெப்பர்ட் என்ற 21 வயது இளைஞரை இரண்டு பேர் ஊருக்கு வெளியே கொண்டு சென்று, வேலியில் கட்டி அடித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். சுமார் 18 மணி நேரம் கழித்து சைக்கிளில் வந்த ஒருவர்தான் அவரைக் கண்டார். அக்டோபர் 12 அன்று மாத்யூ இறந்தார். அவர் தன்பாலீர்ப்பாளர்.

அப்போது மாத்யூவின் தந்தை டென்னிஸ் சவூதி அராம்கோவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பெற்றோருக்குத் தகவல் சவூதிக்குத்தான் வந்தது. துபாயில் இருந்துகொண்டு இதைப் படித்தபோது எனக்கு அது அமெரிக்கச் செய்தியாகவே தோன்றவில்லை. ஊரிலிருந்து அகாலத்தில் வரும் தொலைபேசி அழைப்புக்குப் பயப்படாதவர் நம்மில் யார்?

நான்கு வாரங்களில் மொய்சேஸ் காஃப்மனும் அவரது டெக்டானிக் நாடகக் குழுவினரும் லாரமிக்குப் போனார்கள். ஆறு பயணங்கள், இருநூறுக்கும் மேற்பட்ட பேட்டிகள். மதுக்கடைக்காரர், போலீஸ்காரர், பாதிரியார், மாணவர் எல்லோரும் பேசினார்கள். கிடைத்ததை 'மொமென்ட்' எனப்படும் சிறு அலகுகளாக்கி, ஒவ்வொன்றையும் தனியே நடித்துப் பார்த்துக் கோத்தார்கள். மென்பொருள் எழுதும் எனக்கு இந்த முறை மிகவும் பரிச்சயமானது.

2000 பிப்ரவரியில் டென்வரில் அரங்கேற்றம். எட்டு நடிகர்கள், அறுபதுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள். கொலை மேடையில் காட்டப்படுவதில்லை. ஊர் அதை எப்படித் தாங்கிக்கொண்டது, எப்படித் தட்டிக்கழித்தது என்பதே நாடகம். மகனைக் கொன்றவனுக்கு மரண தண்டனை வேண்டாம் என்று டென்னிஸ் நீதிமன்றத்தில் பேசியதும் அதில் உண்டு.

பத்தாண்டு கழித்துக் குழு திரும்பிப் போனபோது, அது வெறும் வழிப்பறிதான், வெறுப்பில் நடந்ததல்ல என்று சொல்பவர்கள் ஊரில் இருந்தார்கள். நீதிமன்றப் பதிவு இருந்தும் ஊரின் நினைவு மாறிக்கொண்டிருந்தது. 2009-இல் வந்த இரண்டாம் நாடகம் அதைப் பற்றியது.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நாவல் இருக்கிறது. 'ராமையாவின் குடிசை' ஆவணப்படமும் இருக்கிறது. ஆனால் தப்பியவர், வேடிக்கை பார்த்தவர், பக்கத்து ஊர்க்காரர் என எல்லோருடைய சொற்களையும் ஒரே மேடையில் நிறுத்திய நாடகத்தை நான் பார்த்ததில்லை. அன்று பத்து வயதுச் சிறுவர்களாக இருந்தவர்களுக்கே இன்று அறுபத்தைந்துக்கு மேல் ஆகிறது. அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்ய ஒரு கைப்பேசி போதும். கேட்க ஆள்தான் வேண்டும்.