தந்தை அறியாத வெப்பமானி

இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு மலரில் மதுவைப் பற்றிய கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். கள்ளையும் தேறலையும் பாடிய புலவர் மரபில் வந்தவர்கள் நாம் என்பதை மட்டும் நினைவூட்டி மேலே செல்கிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பெருநிலக்கிழார் மாளிகைகளில் ஒரு வழக்கம் இருந்தது. தலைமகன் பிறந்ததும் வீட்டிலேயே கடும் பியர் காய்ச்சிப் பீப்பாயில் அடைத்து நிலவறையில் வைப்பார்கள். அவனுக்கு 21 வயது நிறையும் நாளில் அதைத் திறப்பார்கள். அத்தனை ஆண்டுகள் காத்திருந்து திறக்கும் பியரின் தலைவிதியோ, அது நொதித்த முதல் சில நாள்களிலேயே எழுதப்பட்டிருக்கும்.

காரணம் எளியது. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர், முளைகட்டிய வாற்கோதுமைச் சாற்றின் சர்க்கரையை உண்டு சாராயமாக்கும்போது வெப்பத்தையும் வெளிவிடுகிறது. கடும் பியருக்கான சாற்றில் சர்க்கரை மிகுதி. ஆதலின் வெப்பமும் மிகுதி. அறை குளிர்ந்திருக்கும்போதே தொட்டியின் உள்ளே மட்டும் காய்ச்சல் ஏறும். சூடு ஏற ஏற ஈஸ்ட் விரையும். அது விரைய விரைய மேலும் சூடேறும். எல்லை மீறினால் வார்னிஷ் போன்ற நெடியும், தொண்டையில் எரிவும் பிறக்கும். ஆண்டுக்கணக்கில் நிலவறையில் வைத்தாலும் அக்குறை முற்றிலும் அகல்வதில்லை. அஞ்சி மிகவும் குளிர்வித்தாலோ ஈஸ்ட் உறங்கிவிடும். பியர் தித்திப்பாகவே தேங்கி நிற்கும்.

முன்னோர் இதற்கு நாட்காட்டியையே நம்பினர். கோடையில் காய்ச்சுவதைத் தவிர்த்தனர். பவேரியாவில் 1553இல் பிறந்த அரசாணை, ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பியர் காய்ச்சலாகாது என்றே விதித்தது. ஆங்கிலேயரின் கடும் பியருக்கு ‘அக்டோபர்’ என்றே பெயர். நாட்காட்டிக்கு அடுத்தபடி கண்ணும் கையும். கொதித்த நீரின் ஆவி விலகி அதில் தன் முகம் தெரியும் தருணமே மாவைக் கொட்ட ஏற்ற தருணம் என்று அறிந்து வைத்திருந்தனர். எவ்வளவு அழகான அளவுகோல்!

பாரன்ஹீட் 1714இல் பாதரச வெப்பமானியைச் செய்தார். மைக்கேல் கோம்ப்ரூன் என்னும் லண்டன் பியர்த் தொழிலர், 1762இல் வெளியிட்ட நூலில் அக்கருவியின் பயனை விரித்துரைத்தார். எனினும் தொழிலர் பலர் அசையவில்லை. ஆம்ப்ஷயரின் ஆல்டன் ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் என்னும் இளைஞர், பழமையில் ஊறிய தம் தந்தைக்கு அஞ்சி வெப்பமானியை மறைத்து வைத்தே அளக்க வேண்டியிருந்தது.

அத்தந்தையை எள்ளி நகையாட எனக்கு மனமில்லை. நீரில் முகம் பார்த்துச் சூடறிந்தவர் மூடர் அல்லர். ஆனால் நொதிக்கும் தொட்டியின் முன் அந்தக் கல்வி தோற்றது. தொட்டியின் சுவரைத் தொடும் கைக்கு அதன் நடுவிலுள்ள சூடு தெரியாது. மூக்கு நெடியை உணரும்போதோ காலம் கடந்திருக்கும்.

பேவர்ஸ்டாக் பின்னர்ச் சாற்றின் செறிவை அளக்கும் அடர்த்திமானியையும் கைக்கொண்டார். அதற்கு ஆதரவு தந்தவர் லண்டன் ஆலை அதிபர் ஹென்றி திரேல். அகராதி அறிஞர் சாமுவேல் ஜான்சனைத் தம் இல்லத்தில் வைத்துப் போற்றியவர். (1781இல் திரேல் மறைந்தபின் அந்த ஆலையை விற்கும் பொறுப்பில் ஜான்சனும் பங்கேற்றார், 1,35,000 பவுனுக்கு அது விலைபோயிற்று.)

அளக்கத் தெரிந்தபின் குளிர்விக்கும் வழிகள் பிறந்தன. தொட்டிக்குள் குழாய் வளைத்துக் குளிர்நீர் ஓட்டினர். லிண்டேயின் குளிர்விக்கும் எந்திரம் 1877இல் திரியெஸ்தே நகரப் பியர் ஆலைக்கு வந்தபின் நாட்காட்டியின் ஆட்சி தளர்ந்தது. இன்று வீட்டில் கடும் பியர் காய்ச்சும் ஐரோப்பியர், பாத்திரத்தை நீர்த்தொட்டியில் நிறுத்தி, ஈரத்துணி சுற்றி, விசிறிக் காற்றில் வைக்கின்றனர். அறையின் சூட்டை அல்ல, பாத்திரத்தின் சூட்டையே அளக்கின்றனர். முதல் சில நாள்கள் அதனைப் பெரும்பாலும் 18 முதல் 20 செல்சியஸ் பாகைக்குள் காக்கின்றனர்.

தந்தைக்கு மறைத்து அளந்த பேவர்ஸ்டாக்கின் எழுத்துகளைத் தம் குறிப்புகளுடன் 1824இல் நூலாக வெளியிட்டவர், அவருடைய மகன்.