நுல்லா, சமனா?

பாண்டிச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு வழியில். சதுரங்கத்தில் வெற்றி தோல்வியின்றி முடியும் ஆட்டத்தைப் பிரெஞ்சில் 'பார்த்தி நுல்' என்பார்கள். நுல் என்றால் ஒன்றுமில்லாதது. வாத்தியார் நோட்டில் அந்தச் சொல்லை எழுதினால் அன்று வீட்டில் பூசைதான். தமிழில் நாம் 'சமன்' என்கிறோம். எது சரி? 1960-ல் நடந்த ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

இடம், கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரம். சதுரங்க ஒலிம்பியாட். சோவியத் அணியில் மிகையில் தால். அந்த ஆண்டு மே மாதம்தான் பொத்வின்னிக்கை வென்று உலக சாம்பியன் ஆகியிருந்தார். எதிரே அமெரிக்காவின் பாபி ஃபிஷர், வயது 17. முந்தைய ஆண்டு யூகோஸ்லாவியாவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில் இருவரும் நான்கு முறை மோதினார்கள். நான்கிலும் ஃபிஷருக்குத் தோல்வி. அந்தக் காயத்தோடுதான் பையன் வந்து உட்கார்ந்தான்.

வெள்ளைக்காய் ஃபிஷருக்கு. ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினார். தால் தன் ராஜாவின் சிப்பாயை ஒரே கட்டம் நகர்த்தினார். இதுதான் பிரெஞ்சுத் தடுப்பாட்டம். 1834 முதல் 1836 வரை லண்டனும் பாரிஸும் கடிதம் மூலம் ஆடியபோது பாரிஸ்காரர்கள் இப்படித் தொடங்கி ஜெயித்ததால் வந்த பெயர். அடக்கமான தொடக்கம் என்று பெயர் எடுத்தது. ஆனால் தால் தேர்ந்தெடுத்தது அதிலேயே முரட்டு வகையான விநாவர்.

பத்து நகர்த்தலுக்குள் ஃபிஷரின் ராணி எதிரியின் கோட்டைக்குள் புகுந்து இரண்டு சிப்பாய்களை வாரிக்கொண்டது. தால் அசரவில்லை, ராணி அங்கே மேயட்டும் என்று விட்டு, மற்ற காய்களைக் களத்தில் இறக்கினார். பிறகு இருபக்கமும் வெட்டுக்கு வெட்டு. கடைசியில் தால் தன் யானையை விட்டுக்கொடுத்து, ராணியால் விடாமல் செக் வைத்தார். வெள்ளை ராஜாவுக்குத் தப்பும் வழியில்லை, சாகும் நிலையுமில்லை. 21 நகர்த்தலில் சமன்.

அட்டவணையில் ஆளுக்கு அரைப் புள்ளி, அவ்வளவே. ஆனால் நான்கு முறை தன்னை வீழ்த்திய உலக சாம்பியனோடு, ஓர் அடிகூடப் பின்வாங்காமல் நின்றுவிட்டான் பையன். அடுத்த ஆண்டு பிளெட் நகரில் முதன்முறையாகத் தாலை வென்றார் ஃபிஷர். பின்னாளில் தான் தேர்ந்தெடுத்த 60 ஆட்டங்களின் புத்தகத்தில் இந்த லைப்சிக் ஆட்டத்துக்கும் இடம் கொடுத்தார்.

எனக்குச் சோறு போட்டது பிரெஞ்சுப் படிப்பு. ஆனாலும் இந்த ஒரு சொல்லில் என் ஓட்டு தமிழுக்கே.