ஒரே இழுப்பறையில் கிடந்த இரு குருவிகள்

இங்கிலாந்தில் வாழும் 'மார்ஷ் டிட்', 'வில்லோ டிட்' என்னும் இரு சிறு பறவைகளின் வரலாற்றை ஆசிரியர்களும் பெற்றோரும் அறிந்திருத்தல் நன்று எனக் கருதுகிறேன். இரண்டும் பட்டாணிக்குருவி இனம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 11 கிராம் எடை. இரண்டுக்கும் கருந்தலை, வெளிர்க் கன்னம், பழுப்பு முதுகு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியர் பறவைகளைச் சுட்டுத் தோலுரித்து, பஞ்சடைத்து, அருங்காட்சியக இழுப்பறைகளில் அடுக்கிவைத்தனர். அத்துணைப் பேரார்வம்! எனினும் தம் நாட்டில் வில்லோ டிட் வாழ்வதை அவர்கள் அறிந்திலர். சுவிட்சர்லாந்தில் கொன்ராட் வான் பால்டன்ஸ்டைன் என்பார் 1827இலேயே அப்பறவையைப் பிரித்து விவரித்திருந்தார். 1897இல் எர்ன்ஸ்ட் ஹார்ட்டர்ட், ஓட்டோ கிளைன்ஷ்மிட் என்னும் செருமானியர் இருவர், பிரித்தானிய அருங்காட்சியகத்தில் மார்ஷ் டிட் தோல்களோடு கலந்து கிடந்த இரு வில்லோ டிட்களைக் கண்டறிந்தனர். அவை எங்கோ தொலைகாட்டில் பிடிபட்டவையல்ல. இலண்டன் மாநகரின் ஹாம்ஸ்டெட் பகுதியைச் சேர்ந்தவை.

இத்துணைக் காலம் எவ்வாறு தப்பியது? பஞ்சடைத்த குருவி கூவுவதில்லை என்பதே என் விடை. மார்ஷ் டிட் தும்முவது போல் 'பிச்சூ' என்று ஒலிக்கும். வில்லோ டிட்டோ மூக்கால் இழுத்து, 'ச்சேய், ச்சேய்' என்று நம்மைக் கடிந்துகொள்ளும். ல, ள, ழ வேறுபாட்டைக் கரும்பலகையில் மட்டும் காட்டி முடித்துவிடும் வகுப்பறை என் நினைவுக்கு வருகிறது.

கூடும் வேறு. வில்லோ டிட் உளுத்த மரத்தைத் தானே குடைந்து பொந்து அமைக்கும். மார்ஷ் டிட் முன்பே உள்ள பொந்தில் குடியேறும். பெயர்களோ குழப்பத்தையே வளர்த்தன. 'மார்ஷ்' எனில் சதுப்பு நிலம். அப்பெயர் பூண்ட பறவை விரும்புவது முதிர்ந்த காட்டை. ஈரநிலப் புதர்க்காட்டை நாடுவது வில்லோ டிட்டே.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1970களிலிருந்து பிரித்தானியாவில் வில்லோ டிட்டின் எண்ணிக்கை 90 விழுக்காட்டுக்கு மேல் சரிந்துவிட்டது. தென்கிழக்கு இங்கிலாந்தின் பெரும்பகுதியில் அது இன்று இல்லை. மார்ஷ் டிட்டும் குறைந்துள்ளது. ஆயினும் இந்த அளவுக்கு அன்று. இரண்டும் ஒரே பெயரில் எண்ணப்பட்டிருந்தால் ஒன்றின் அழிவு மற்றதன் எண்ணிக்கைக்குள் மறைந்தே போயிருக்கும். கூடு குடையும் பழக்கம் அறியப்பட்டிருப்பதால், இங்கிலாந்தின் சில இடங்களில் இன்று உளுத்த மரக்கட்டைகளை மரங்களில் கட்டிவைத்து, அக்குருவி வந்து குடையுமாவெனக் காத்திருக்கின்றனர்.