மட்கார்டு யாருக்காக? குளிர்கால சைக்கிளின் கதை

இன்றைய எபிசோடில் போர் கிடையாது, ராஜா கிடையாது. டயர், மட்கார்டு, இந்த ரெண்டு மட்டும்தான்.

சாதாரண விஷயம் மாதிரி தெரியும். ஆனா பின்லாந்திலோ இங்கிலாந்திலோ ஜனவரி மாதக் காலையில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவருக்கு அப்படி இல்லை. முன்சக்கரம் ஒரு தடவை ஐஸில் வழுக்கினால் மணிக்கட்டோ இடுப்பெலும்போ போய்விடும். எந்த டயர் போடுவது, எந்த மட்கார்டு மாட்டுவது என்கிற கேள்விக்குப் பின்னால் 180 வருஷக் கதை இருக்கு.

ரெண்டு தடவை கண்டுபிடிக்கப்பட்ட டயர்

ராபர்ட் வில்லியம் தாம்சன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அப்போ அவருக்கு வயசு 23. சைக்கிள் புழக்கத்துக்கே வராத காலம் அது. குதிரை வண்டியில் மாட்டிப் பார்த்தார், நன்றாகவே ஓடியது. ஆனா வாங்கத்தான் ஆளில்லை. உலகம் அதை மறந்துவிட்டது.

நாற்பது வருஷம் கழித்து பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தன் மகனுடைய மூணு சக்கர சைக்கிள் கரடுமுரடான தெருவில் குலுங்குவதைக் குறைக்க ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சுற்றினார். 1888-ல் காப்புரிமையும் வாங்கினார். 1889 மே மாதம் பெல்ஃபாஸ்ட்டில் நடந்த பந்தயங்களில் வில்லி ஹ்யூம் இந்த டயரோடு ஓட்டி ஜெயிக்க, கெட்டி ரப்பர் டயரின் காலம் முடிய ஆரம்பித்தது. அப்புறம்தான் தாம்சனின் பழைய காப்புரிமை வெளியே வந்து, டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனது. பேர் மட்டும் டன்லப்புக்கே நின்றுவிட்டது.

குலுக்கல் குறைந்தது ஒரு பக்கம். குளிர்காலக்காரர்களுக்கு இன்னொரு லாபம்: காற்றுள்ள டயர் ரோட்டின் மேடு பள்ளத்துக்கு ஏற்ற மாதிரி அமுங்கி ஒட்டும். பிடிமானம் அங்கிருந்துதான் வருது.

தண்ணீர் எங்கே போகுது?

இப்போ கொஞ்சம் இயற்பியல். நீங்க 20 கிலோமீட்டர் வேகத்தில் போனா, சக்கரத்தின் உச்சி ரோட்டைப் பொறுத்தவரை 40 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் போகுது. டயரில் ஒட்டிய சேற்றுத் தண்ணீர் அந்த வேகத்தோடு தெறிக்கும். பின்சக்கரத்துத் தண்ணீர் உங்க முதுகில் கோடு போடும், மிச்சம் பின்னால் வருகிறவரின் முகத்துக்குப் போகும். முன்சக்கரத்துத் தண்ணீர் பாதத்தையும் செயினையும் நனைக்கும். ஐஸ் உருக ரோட்டில் உப்பு தூவுகிற ஊர் என்றால், அந்த உப்புத் தண்ணீர் செயினைத் துருப்பிடிக்க வைக்கும்.

இதைப் புரிந்து செய்த வண்டிதான் இங்கிலாந்தின் ரோட்ஸ்டர். சக்கரத்தை நன்றாகச் சுற்றி வளைத்த இரும்பு மட்கார்டு, செயின் கவர், தடியான டயர். 1949-ல் முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸை ஆரம்பித்தபோது அம்பத்தூருக்கு வந்ததும் இதே வடிவம்தான். நம்ம தாத்தாக்கள் மிதித்த ஹெர்குலிஸின் மட்கார்டு பர்மிங்ஹாம் மழைக்காகப் பிறந்தது!

மட்கார்டைக் கழற்றியது யார்?

பந்தயம்தான். பந்தய வண்டியில் ஒவ்வொரு கிராமும் கணக்கு, அதனால் மட்கார்டு இல்லை. டயரும் மெலிந்தது. 1970-களில் பந்தய சைக்கிள் மாதிரியே செய்த பத்து கியர் வண்டிகள் அமெரிக்காவில் லட்சக்கணக்கில் விற்றன. போகப்போக ஃப்ரேமுக்கும் டயருக்கும் நடுவில் மட்கார்டு நுழையக்கூட இடமில்லாத வண்டிகள் வந்தன. வெயில் நாளில் ஓட்டும் பந்தயக்காரருக்காகச் செய்த வடிவத்தை, மழையில் ஆபீஸ் போகிறவர் வாங்க வேண்டியதாச்சு.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. இங்கிலாந்து சைக்கிள் கிளப்புகளில் குளிர்காலத்துக்கென்று தனி வண்டி வைத்து, அதில் மட்கார்டு மாட்டும் பழக்கம் தொடர்ந்தது. குழுவாகப் போகும்போது பின் மட்கார்டு உங்களுக்காக மட்டும் இல்லை, உங்க பின்னால் வருகிறவருக்காகவும்தான். பல கிளப்புகளில் அது இல்லாமல் வந்தால் வரிசையின் கடைசிக்குப் போகச் சொல்வாங்க.

பின்லாந்தின் பங்கு

1898-ல் தொடங்கிய ஃபின்னிஷ் ரப்பர் வொர்க்ஸ், நோக்கியா என்ற ஊரில் 1925-லிருந்து சைக்கிள் டயர் செய்தது. 1934-ல் பனிக்கென்றே லாரி டயர் கொண்டு வந்தது. 1967-ல் மூணு கம்பெனிகள் இணைந்தபோது அதுவும் நோக்கியா நிறுவனத்தின் பகுதியானது. ஆமாம், நம்ம போன் நோக்கியாவேதான். 1988-ல் டயர் பிரிவு தனியாகப் போயிடுச்சு. கார் டயரில் ஆணி பதிக்கும் யோசனை சைக்கிளுக்கும் வந்தது. இன்றைய நல்ல டயர்களில் அந்த ஆணியின் முனை டங்ஸ்டன் கார்பைடு. வெறும் இரும்பு என்றால் தார் ரோட்டில் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

சரி, எதை வாங்குவது?

முதலில் உங்க ரோடு என்ன மாதிரி என்று பாருங்க. வெறும் மழை ரோடு என்றால் ஆணியும் வேண்டாம், முரட்டு பட்டனும் வேண்டாம். கார் மாதிரி தண்ணீர் மேல் மிதந்து வழுக்கும் ஆபத்து சைக்கிளுக்குக் கிட்டத்தட்ட இல்லை. 60 பிஎஸ்ஐ காற்றுள்ள டயருக்கு அது நடக்க 100 கிலோமீட்டருக்கு மேல் வேகம் வேண்டும். குளிரிலும் இறுகிப்போகாத ரப்பரும், கொஞ்சம் அகலமும் போதும். உறைந்த ஐஸ் என்றால் ஆணி டயர்தான், வேற வழியில்லை. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் முன்சக்கரத்துக்கு வாங்குங்க. பின்சக்கரம் வழுக்கினால் பல நேரம் சமாளிக்கலாம், முன்சக்கரம் வழுக்கினால் விழுந்துதான் ஆகணும்.

காற்றையும் மறக்காதீங்க. 20 டிகிரி அறையில் 60 பிஎஸ்ஐ அடித்த டயர், மைனஸ் 10-ல் சுமார் 52-க்கு இறங்கிடும்.

டயரை முடிவு செய்த பிறகுதான் மட்கார்டு. அது டயரைவிட அகலமாக இருக்கணும், நடுவில் ஒரு சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். இடம் குறைந்தால் பனி அடைத்துக்கொள்ளும். ஒரு குச்சி சிக்கினால் முன்சக்கரமே நின்று ஆளைத் தூக்கி எறியும். அதனால முன்பக்கக் கம்பி, இழுபட்டால் தானாகக் கழன்றுகொள்ளும் வகையா என்று கடையில் கேளுங்க. முன் மட்கார்டின் அடியில் ரப்பர் ஃபிளாப் தரைக்குப் பக்கம் வரை தொங்கினால் ஷூ நனையாது.

காசு இருந்தா ரெண்டையும் வாங்குங்க. ஃப்ரேமில் இடமே இல்லை என்றால், அந்த வண்டி குளிர்காலத்துக்குச் செய்ததே இல்லை என்று அர்த்தம். அடுத்த வண்டி வாங்கும்போது நிறத்தைப் பார்க்கும் முன்னால் அந்த இடைவெளியில் விரலை விட்டுப் பாருங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.