அறுந்த பட்டத்தைத் தேடிப் போனவர்கள்

யாழ்ப்பாணத்தின் வரலாற்றை எழுதியவர்கள் சங்கிலி மன்னனை எழுதினார்கள். ஒல்லாந்தர் கோட்டையை எழுதினார்கள். நாவலரையும் மிசனரிமாரையும் எழுதினார்கள். எழுதப்பட வேண்டியவைதாம். ஆனால் மார்கழியிலும் தையிலும் குடாநாட்டு வானத்தை நிறைத்து நின்ற பட்டங்களையும், அவற்றைக் கட்டி ஏற்றிய நண்பர் குழாங்களையும் பற்றி ஏடுகளில் அதிகம் காணவில்லை. சிறுவர் விளையாட்டு என்று ஒதுக்கியிருக்கலாம். வடமராட்சியில் அது சிறுவர் விளையாட்டாக ஒருபோதும் இருந்ததில்லை என்பதை அந்த மண்ணில் பிறந்தவர்கள் அறிவார்கள். மீசை நரைத்தவர்களும் முச்சை கட்டுவதில் சண்டை பிடித்த ஊர் அது.

குடாநாட்டுக்கு இரண்டு காற்றுகள். வடகிழக்கிலிருந்து வருவது வாடை. தென்மேற்கிலிருந்து வருவது சோளகம். சோளகத்திலும் பட்டம் ஏற்றுவோர் உண்டு. எனினும் பட்டக்காலம் என்று எங்கள் பக்கத்தில் சொல்லப்படுவது வாடைக் காலத்தையே. கார்த்திகை மழை ஓய்ந்து, காற்று ஒரு சீராக விழத் தொடங்கியதும் மூங்கில் தேடி ஆட்கள் புறப்பட்டுவிடுவார்கள். கொக்கு, பிராந்து, வௌவால், பாம்பு, எட்டுமூலை, படலம் என்று பட்டங்களுக்கு எத்தனையோ வடிவங்கள், எத்தனையோ பெயர்கள். சிறியவற்றுக்கு ஈர்க்கும் ரிசுத் தாளும் கோதுமை மாப் பசையும் போதும். ஆளுயரத்தைத் தாண்டியவற்றுக்கு மூங்கிலைப் பிளந்து சீவி, இரண்டு பக்கமும் ஒரே நிறையாக வரும்வரை விரலில் வைத்துத் தூக்கிப் பார்த்துப் பார்த்துச் செதுக்க வேண்டும். ஒரு பக்கம் அரை விரல் நிறை கூடினாலும் பட்டம் அந்தப் பக்கமே சரிந்து குத்தும்.

இவற்றுள் யாழ்ப்பாணத்தாரின் பெருமை விண் பூட்டிய பட்டமாகும். பட்டத்தின் தலைப்பகுதியில் வில்லொன்றைக் கட்டி, அதன் நாணாக மெல்லிய நாரை இழுத்துப் பூட்டுவார்கள். பனை மட்டையிலிருந்து உரித்த நாரைக் கத்தியால் வழித்து வழித்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாக்குவது ஒரு தனிக்கலை. பிற்காலத்தில் பொதிகளைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. காற்று அந்த நாரில் மோதும்போது அது அதிர்ந்து கூவும். நார் அகலமானால் குரல் தடிக்கும். இறுக்கிக் கட்டினால் குரல் உயரும். மாலையில் ஏற்றிய பட்டத்தை இறக்காமல் தென்னையிலோ பனையிலோ கட்டிவிட்டு உறங்கப் போவது வழக்கம். இரவு முழுவதும் ஊரின் மேல் அது கூவிக்கொண்டே நிற்கும். பாயில் படுத்தபடியே, "இது கிழக்குத் தெருப் பெடியளின்ரை விண்" என்று சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள். காற்று தளரும்போது குரலும் தளரும். நடுச்சாமத்தில் அது திடீரென நின்றால், பட்டத்துக்கு உரியவர்கள் மட்டுமன்றி அயலவர்களும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

விண் கூவும் பட்டம் எங்களுக்கு மட்டுமே உரியது என்று மார்தட்ட இடமில்லை. மலேசியாவின் கிளந்தான் மாநிலத்து 'வாவ்' பட்டத்திலும் இதுபோன்ற வில் உண்டு. கம்போடியாவின் பழைய பட்டங்களும் கூவும். ஆனால் வட இந்தியாவோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். நாம் பொங்கும் அதே மகர சங்கராந்தி நாளில் அகமதாபாத்தில் கண்ணாடித்தூள் பூசிய நூலால் ஒருவர் பட்டத்தை ஒருவர் அறுக்கிறார்கள். அந்த நூல் பறவைகளையும் மனிதரையும் கொன்றதனால் 2017இல் இந்தியாவின் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நைலோன் மாஞ்சாவுக்குத் தடை விதித்தது. நமது பட்டம் அறுப்பதற்காக ஏற்றப்படுவதன்று. யாருடையது உயரே நிற்கிறது, யாருடையது நெடுநேரம் நிற்கிறது, யாருடையது இனிமையாகக் கூவுகிறது என்பதே போட்டி.

இந்தக் கலை வடமராட்சிக் கரையில், குறிப்பாக வல்வெட்டித்துறையில், ஏன் இவ்வளவு செழித்தது? எனக்குத் தோன்றும் காரணம் ஒன்று உண்டு. கப்பல் கட்டிப் பாய் விரித்து வங்கக் கடலைக் கடந்தவர்களின் ஊர் அது. 1930இல் அங்கு கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை அமெரிக்கர் வில்லியம் ரொபின்சன் வாங்கினார். வல்வையின் கடலோடிகளே அதைச் செலுத்திச் சென்று 1938 ஓகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். கயிறு முறுக்கவும், முடிச்சுப் போடவும், காற்றின் போக்கை முகத்தில் உணரவும் தெரிந்த சமூகம் ஓய்வு நேரத்தில் எதைச் செய்யும்? முச்சையில் எந்தக் கயிற்றை எவ்வளவு கூட்டுவது என்பதும், பாயை எவ்வளவு தளர்த்துவது என்பதும் ஒரே அறிவின் இரு முகங்கள் அல்லவா?

பெரிய பட்டத்தைத் தனியொருவர் ஏற்ற முடியாது. மூங்கில் சீவ ஒருவர், முச்சைக்கு ஒருவர், விண்ணுக்கு ஒருவர், வாலுக்குப் பழைய சேலை சேகரிக்க (பெரும்பாலும் தாயாருக்குத் தெரியாமல்) ஒருவர், பட்டத்தைத் தூக்கிப் பிடிக்க இருவர், கயிறு இழுக்க நாலைந்து பேர். நூலுக்குப் பணம் சேர்ப்பது தனிக்கதை. இருக்கிறவன் இரண்டு பந்து தருவான். இல்லாதவன் உடலுழைப்பைத் தருவான். ஆதலால் பட்டக் குழு என்பது பள்ளி வகுப்பையும் குடும்ப வசதியையும் தாண்டி அமைந்த கூட்டு. சாதியையும் தாண்டியதா என்று வாசகர்கள் கேட்கலாம். எல்லா இடத்திலும் தாண்டவில்லை. தெருவுக்குத் தெரு குழு பிரிந்ததில் சாதியும் இருந்தது. அதை மறைத்துப் பழம்பெருமை பேசுவது எனக்கு உடன்பாடன்று.

அந்த எல்லை தளர்ந்த ஒரு நேரம் இருந்தது. பட்டம் அறுந்த நேரம் அது.

வாடையில் கயிறு அறுந்தால் பட்டம் தென்மேற்காகப் போகும். வல்வெட்டித்துறையில் அறுந்தது உடுப்பிட்டியில் விழலாம். தொண்டைமானாற்று நீரேரியைத் தாண்டி அச்சுவேலிப் பக்கம் இறங்கலாம். பட்டம் சரிந்து போகும் திசையைப் பனை உச்சிகளை அடையாளமாக வைத்துக் குறித்துக்கொண்டு, ஒரு சைக்கிளில் இருவராகப் புறப்படுவோம். நான் பத்து வயது முதல் பதினேழு வயது வரை, 1960களில், இந்தத் தேடலில் எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கில்லை. பட்டம் ஏற்றியதைவிடத் தேடியதுதான் இன்று கூடுதலாக நினைவில் நிற்கிறது. முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத வீட்டுப் படலையில் நின்று, "அம்மா, இந்தப் பக்கம் ஒரு கொடி விழுந்ததோ?" என்று கேட்போம். (பட்டத்தைக் கொடி என்பதும் எங்கள் பக்கத்து வழக்கு.) "பிள்ளையள், உங்கடை கொடி எங்கடை வடலிக்குள்ளைதான் கிடக்குது, முள்ளுப் பாத்துப் போங்கோ" என்று ஒரு கிழவி வழி சொல்வாள். சில வீடுகளில் மோர் கிடைக்கும். சில வீடுகளில் நாய் கிடைக்கும்.

தேடலுக்கு எழுதப்படாத சட்டங்கள் இருந்தன. விழுந்த பட்டத்தைக் கண்டெடுத்தவர்கள் கூவிக்கொண்டிருந்த விண்ணைத் தமதாக்கிக்கொள்ளலாம். சட்டகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஓர் ஊரின் நியாயம். இரண்டு நாள் யாரும் வராவிட்டால் முழுவதும் கண்டவருக்கே என்பது இன்னோர் ஊரின் நியாயம். பனையில் சிக்கினால் சீவல் தொழிலாளி ஒருவரின் தயவு வேண்டும். அவர் ஏறி எடுத்துத் தருவார். எங்கள் வீட்டார் எவரை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்தார்களோ, அவருடைய முற்றத்தில் நாங்கள் அமர்ந்து காத்திருந்தோம். அப்படிக் காத்திருந்த வேளையில் அறிமுகமான ஒருவர் பின்னர் எங்கள் குழுவின் முச்சைக்காரரானார். அவரை மிஞ்ச அக்காலத்தில் அப்பகுதியில் ஆளில்லை.

மேலைநாடுகளில் 'ஜியோகேஷிங்' என்றொரு பொழுதுபோக்கு உண்டு. ஒருவர் காட்டிலோ பாலத்தடியிலோ ஒரு பெட்டியை ஒளித்து வைப்பார். அதன் அகலாங்கையும் நெட்டாங்கையும் அறிவிப்பார். ஜிபிஎஸ் கருவியோடு மற்றவர்கள் தேடிப் போவார்கள். கண்டதும் அதிலுள்ள ஏட்டில் பெயர் எழுதிவிட்டு, ஏதேனும் எடுத்தால் ஏதேனும் வைத்துவிட்டு வருவார்கள். 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு செயற்கைக்கோள் சமிக்ஞையில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை நீக்கியது. மறுநாளே, மே 3இல், டேவ் உல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தில் ஒரு வாளியைப் புதைத்து அந்த விளையாட்டைத் தொடக்கி வைத்தார். பெட்டி ஒரு சாக்கு. தேடிப் போகும் கூட்டும், போகும் வழியில் காணும் ஊருமே பயன் என்கிறார்கள் அதில் ஈடுபட்டவர்கள். கேட்டபோது எனக்கு அறுந்த பட்டம்தான் நினைவுக்கு வந்தது.

ஆனால் அதே 2000 மே மாதத்தில் எங்கள் மண்ணில் என்ன நடந்தது? ஏப்ரல் 22இல் ஆனையிறவு முகாம் வீழ்ந்திருந்தது. தென்மராட்சி போர்க்களமாகி, சாவகச்சேரி மக்கள் கையில் அகப்பட்டதோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். நாகர்கோவிலிலிருந்து முகமாலை ஊடாக ஒரு முன்னரங்கு அமைந்தது. அங்கும் மண்ணுக்குள் எதையோ ஒளித்து வைத்தார்கள். மிதிவெடி.

தேடல் நின்றது அப்போதுதான் என்று சொல்ல முடியாது. அது சிறிது சிறிதாக நின்றது. 1987 மே மாத வடமராட்சிப் படை நடவடிக்கை, 1989 ஓகஸ்டில் இந்தியப் படையினர் வல்வெட்டித்துறையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்ற படுகொலை, 1990இல் மீண்டும் போர். தொண்டைமானாற்றுக்கு மேற்கே வலிகாமம் வடக்கின் ஊர்கள் காலியாகி, பின்னாளில் உயர் பாதுகாப்பு வலயம் என்று பெயர் பெற்றன. அந்தப் பக்கம் போன பட்டம் போனதுதான். மின்சாரம் அற்றுப்போன அந்த ஆண்டுகளில் பொருளாதாரத் தடையால் நூலுக்கும் தாளுக்கும் பஞ்சம். செய்தித்தாள்களையே பள்ளிக் கொப்பித் தாளில் அச்சிட்ட காலம் அது. நாங்கள் கோடு போட்ட தாளில் செய்தி அடித்தோம். சிறுவர்கள் எங்கள் செய்தியில் பட்டம் கட்டினார்கள். மரணச் செய்தி அச்சான தாளில் வால் ஆடியதைப் பார்த்திருக்கிறேன். வானத்தில் உலங்குவானூர்தி வந்தால் கயிற்றை விட்டுவிட்டுப் பதுங்கு குழிக்குள் ஓடுவார்கள். ஓடிய பின் பட்டத்தைத் தேடி யாரும் புறப்படவில்லை.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. அவ்வாண்டில் மிதிவெடி அகற்றுவோர் குடாநாட்டுக்கு வந்தார்கள். மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகைகள் நாட்டப்பட்டன. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்ட பாடங்களின் சாரம்: தெரியாத காணிக்குள் போகாதே, கிடப்பதைத் தொடாதே, விழுந்ததை எடுக்க ஓடாதே. அக்காலத்துக்கு அவை தேவையான பாடங்கள், உயிர் காத்த பாடங்கள். ஆயினும் ஒரு தலைமுறை முழுவதும், பக்கத்து ஊர் வேலிக்குள் நுழைந்து "அம்மா, கொடி விழுந்ததோ" என்று கேட்கும் பழக்கத்தை இழந்தே வளர்ந்தது. போர் 2009இல் முடிந்த பின்னரும் முகமாலையில் வெடி அகற்றும் பணி ஆண்டுக்கணக்காய் நீடித்தது.

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் பட்டம் திரும்பி வந்த விதம் வேறு. தைப்பொங்கல் நாளில் வல்வை உதயசூரியன் கடற்கரையில், விக்னேஸ்வரா சனசமூக நிலையத்தார் நடத்தும் 'வினோத விசித்திரப் பட்டப்போட்டி' இன்று நாடறிந்த திருவிழா. தட்டைப் பட்டங்களின் இடத்தில் முப்பரிமாணப் பட்டங்கள்: கப்பல், பறவை, விலங்கு, இயந்திரம், வானில் நின்றபடி இறக்கை அடிப்பவை, மின்விளக்கு மின்னுபவை. கடற்கரை கொள்ளாத கூட்டம். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை ஏறிய அதே கரையோரம் அது. ஒவ்வொரு பட்டத்துக்கும் பின்னால் மாதக் கணக்காக உழைத்த ஒரு நண்பர் குழு நிற்கிறது. சிலரின் கூட்டாளிகள் கனடாவிலும் இலண்டனிலும் இருந்து கயிறு வாங்கப் பணம் அனுப்புகிறார்கள். இருக்கிறவன் நூல் தரும் பழைய முறை கடல் கடந்திருக்கிறது.

2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பகுதியில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெரும் பட்டமொன்றை ஏற்றிய குழுவில், மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட, விடாத ஓர் இளைஞரைப் பட்டம் வானத்துக்கே தூக்கிச் சென்றது. முப்பதடிக்கு மேல் என்றன செய்திகள். கீழே நின்ற நண்பர்கள் "கையை விடு" என்று கதறினார்கள். அவர் விழுந்து உயிர் பிழைத்தார். உலகம் அந்தக் காட்சியைப் பார்த்துச் சிரித்தது. எங்கள் ஊர்க் கிழவர்களோ, முதலில் விட்டவன் யார் என்று விசாரித்தார்கள்.

போட்டியின் மேல் எனக்கு ஒரு குறையுண்டு. நடுவர் கண்ணால் பார்த்துப் புள்ளி வழங்கும் பட்டத்துக்குக் கூவ வேண்டிய தேவையில்லை. ஒலிபெருக்கி அலறும் கரையில் விண்ணின் குரல் கேட்கவும் கேட்காது. மற்றொன்று மின்கம்பி. மின்சாரமில்லாத காலத்தில் கம்பியில் சிக்கிய பட்டத்தைத் தடியால் தட்டி எடுத்தோம். இன்று அப்படிச் செய்பவன் கருகிப் போவான். ஈரக் கயிறு கம்பியில் விழுந்தால் ஊரே இருளும். இதைச் சொன்னால் என்னைப் பழைய ஆள் என்கிறார்கள். பழைய ஆள்தான்.

சென்ற வாடையில் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு குழுவினரின் பட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். பின்புறத்தில், நடு மூங்கிலின் ஓரமாகப் பெரிய எழுத்தில் ஒரு கைத்தொலைபேசி இலக்கம். விழுந்த இடத்தைப் படமெடுத்து அனுப்பிவிடுகிறார்களாம். வரைபடத்தில் புள்ளியும் வந்துவிடுகிறதாம். அதற்கு முதல் வாரம் அறுந்தது எங்கே விழுந்தது என்று கேட்டேன். புத்தூர்ப் பக்கத்து வயல் ஒன்றில் என்றார்கள். ஒருவர் போய் எடுத்து வந்திருக்கலாமே என்றேன். ஆறு பேரும் மூன்று மோட்டார் சைக்கிளில் போனார்களாம். இருட்டும்வரை அந்த வீட்டார் விடவில்லையாம்.